கிட்டாரின் ஸ்புரூஸ் மேல்பலகையை இனம் கண்டு ஒப்பிடும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் அக்கூஸ்டிக் கிட்டார் வாங்க விரும்புகிறவர்கள் மதுரைக்கோ திருச்சிக்கோ சென்று கடையில் பார்த்து வாங்குகிறார்கள், அல்லது இணையத்தில் படத்தைப் பார்த்து வரவழைக்கிறார்கள், அல்லது மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினர் முன்பு வாசித்த பழைய கருவியைப் பெறுகிறார்கள். எந்த வழியில் வந்தாலும், "மேல்பலகை ஸ்புரூஸ்" என்ற ஒரு வார்த்தையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மேல்பலகை என்பது ஒலித்துளை உள்ள முன்முகப் பலகை; ஸ்புரூஸ் என்பது குளிர்ப் பகுதிகளில் வளரும் ஊசியிலை மரம். அந்த ஒரு வார்த்தைக்குள் வெவ்வேறு மலைகளில் வளரும் பல மர இனங்கள் இருக்கின்றன. முழுப் பலகையும் இருக்கிறது, மெல்லிய தகடுகளை ஒட்டிய பலகையும் இருக்கிறது. நேராக அறுத்ததும் இருக்கிறது, கோணலாக அறுத்ததும் இருக்கிறது. இவற்றைக் கண்ணாலும் காதாலும் பிரித்தறியும் முறையை இங்கே எழுதுகிறேன். என் தீர்மானம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மரத்தின் இனப் பெயரைவிட, அந்தப் பலகை எப்படி அறுக்கப்பட்டது என்பதே பெரிய செய்தி. ஆகவே பரிசோதிக்கும் வரிசையிலும் இனத்தைக் கடைசியில்தான் வைத்திருக்கிறேன்.

மேல்பலகைக்கு ஏன் இத்தனை கவனம் என்று கேட்கலாம். தந்தியின் அதிர்வு, தந்தி அமர்ந்திருக்கும் சாடில் என்ற சிறு பட்டை வழியாக, மேல்பலகையில் ஒட்டிய பிரிட்ஜ் என்ற கட்டைக்கு இறங்கி, அங்கிருந்து மேல்பலகையை அசைக்கிறது. காற்றைத் தள்ளிச் சத்தத்தை உண்டாக்குவது பெரும்பாலும் அந்தப் பலகைதான். ஸ்பெயின் நாட்டுக் கிட்டார் ஆசாரியான அந்தோனியோ தெ தோரெஸ் இதை நிரூபிப்பதற்காக 1862இல் பின்பலகையையும் பக்கங்களையும் காகிதக் கூழால் செய்து, மேல்பலகைக்கு மட்டும் நல்ல ஸ்புரூஸ் இட்டு ஒரு கிட்டாரைக் கட்டினார். அந்தக் கருவி இன்றும் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரும்புத் தந்திக் கிட்டாரில் இந்தப் பலகையின் கனம் பொதுவாக 2.5 முதல் 3 மி.மீ.தான். எழுபது கிலோவுக்கும் மேலான தந்தி இழுப்பை அது தாங்க வேண்டும். அதே நேரத்தில் விரல் நுனி தொட்டாலும் அசைய வேண்டும். எடை குறைவாகவும் நீளவாக்கில் விறைப்பாகவும் உள்ள மரமே இந்த இரண்டையும் செய்யும்.

நம் ஊர்க்காரர்களுக்கு மரத்தைப் பார்க்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பர்மாத் தேக்குத் தூண்களுக்கும் நிலைக்கதவுகளுக்கும் நடுவே வளர்ந்தவர்கள், வயிரம் எது, வெள்ளை எது என்று தொட்டே சொல்லிவிடுவார்கள். ஆனால் தேக்கில் நாம் மதிப்பது கனம், எண்ணெய்ப் பசை, பூச்சி அரிக்காத தன்மை. தேக்கு ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ இருக்கும். கிட்டார் மேல்பலகைக்கு வரும் ஸ்புரூஸ் 400 கிலோவை ஒட்டியே இருக்கும். நகத்தால் அழுத்தினால் பதியக்கூடிய அந்த மென்மையைக் கண்டு மட்டமான மரம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காரைக்குடி சகோதரர்கள் புகழ் சேர்த்த வீணைக்குக் குடமும் மேல்பலகையும் பலா மரம். கச்சேரியில் பக்கத்தில் ஒலிக்கும் வயலினுக்கு முகப்பலகை ஸ்புரூஸ். கருவிக்குக் கருவி மரத்தின் தேவை வேறு.

முதலில் வெளிச்சம்

கடையின் மஞ்சள் விளக்கடியில் எல்லா ஸ்புரூஸும் தேன் நிறமாகத்தான் தெரியும். வெள்ளை எல்இடி விளக்கடியில் எல்லாம் வெளிறித் தெரியும். பகல் வெளிச்சம், அதிலும் நேரடி வெயில் படாத வெளிச்சம் வேண்டும். வீட்டில் பார்ப்பதானால் வளவின் நடுமுற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தைவிடச் சிறந்த இடம் இல்லை: வானத்திலிருந்து வரும் ஒளி ஒரே பக்கமாக, சாய்வாக, சீராக விழுகிறது. வெளிச்சம் விழும் கோணம் மாறும்போது பலகை எப்படி மாறுகிறது என்பதைத்தான் நாம் பார்க்கப்போகிறோம். ஆகவே கிட்டாரை மடியில் படுக்க வைத்து, கழுத்தைப் பிடித்து மெதுவாகத் திருப்பவும் சாய்க்கவும் வசதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள். இத்துடன் கைப்பேசி டார்ச் ஒன்றும், ஒலித்துளைக்குள் நுழையும் அளவில் ஒரு சிறு கண்ணாடியும் போதும். பல் மருத்துவர் பயன்படுத்தும் காம்புக் கண்ணாடி மிகப் பொருத்தமானது.

முழுப் பலகையா, ஒட்டுப்பலகையா

இதுதான் முதல் கேள்வி. இதற்கு விடை தெரியாமல் சிட்காவா, அடிராண்டாக்கா என்று ஸ்புரூஸின் இனத்தைப் பற்றிப் பேசுவது வீண். ஒட்டுப்பலகையில் மேலே தெரிவது மெல்லிய ஸ்புரூஸ் தகடு மட்டுமே. உள்ளே வேறு மரத் தகடுகள் குறுக்காக ஒட்டப்பட்டிருக்கும். அப்படி ஒட்டுவதால் பலகை வெடிப்பது குறைகிறது, விலையும் குறைகிறது. ஆனால் நீளவாக்கில் விறைப்பு, குறுக்காக நெகிழ்வு என்ற ஸ்புரூஸின் இயல்பு அதில் பெருமளவு அடங்கிப்போகிறது.

ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே நீளவாக்கில் தெரியும் மரக்கோடு, அதாவது ரேகை, ஒன்றைத் தேர்ந்து, அது துளையின் ஓரத்துக்கு வரும் இடத்தில் கண்ணை நிறுத்துங்கள். முழுப் பலகையானால் அதே ரேகை விளிம்பில் மடங்கி, பலகையின் கனத்தினூடே கீழே இறங்கி, உட்புறத்தில் தொடரும். ஒட்டுப்பலகையானால் விளிம்பில் ரேகை நின்றுபோகும். அதற்குக் கீழே கிடைமட்டமாக இரண்டு மூன்று அடுக்குகள், பெரும்பாலும் நடு அடுக்கு சற்றுக் கருத்து, தெரியும். சில கிட்டார்களில் இந்த விளிம்புக்குக் கறுப்புச் சாயம் பூசியிருப்பார்கள் அல்லது வளையம் பதித்து மூடியிருப்பார்கள். அப்போது கண்ணாடியையும் டார்ச்சையும் உள்ளே விட்டு, மேல்பலகையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். மேலே துளையிலிருந்து இத்தனையாவது ரேகை சற்று அகலம் அல்லது கறுப்பு என்று ஓர் அடையாளம் குறித்துக்கொண்டு, அதே இடத்தில் உள்ளேயும் அது இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். இருந்தால் முழுப் பலகை. உள்ளே தெரியும் ரேகைகள் வேறு இடைவெளியிலோ வேறு திசையிலோ ஓடினால் ஒட்டுப்பலகை.

விவரக் குறிப்பைப் படிக்கும்போதும் ஒரு சொல்லைத் தேடுங்கள்: "சாலிட்". யமாஹா எஃப்ஜி800 மாதிரிக்கு "சாலிட் சிட்கா ஸ்புரூஸ்" என்று எழுதியிருப்பார்கள். தொடக்கநிலை எஃப்310 மாதிரிக்கு வெறும் "ஸ்புரூஸ்" என்றே இருக்கும், அது ஒட்டுப்பலகை. "சாலிட்" என்று எழுதும் உரிமை உள்ள எந்த நிறுவனமும் அதை எழுதாமல் விடாது. அதனால் அந்தச் சொல் இல்லாத இடத்தில் ஒட்டுப்பலகை என்றே கொள்ளுங்கள். பழைய கருவி என்றாலே முழுப் பலகை என்ற நம்பிக்கையும் சரியன்று. 1966இல் தொடங்கிய யமாஹாவின் எஃப்ஜி வரிசையில் தொடக்க ஆண்டுகளில் வந்த எஃப்ஜி180, இன்று பலர் தேடி வாங்கும் கிட்டார். அதன் மேல்பலகை ஒட்டுப்பலகைதான். நன்றாக ஒலிக்கும் ஒட்டுப்பலகைக் கிட்டார் உண்டு என்பதற்கு அதுவே சான்று. ஆனால் முழுப் பலகையின் விலை கொடுத்து ஒட்டுப்பலகை வாங்கக் கூடாது.

அறுத்த விதம்

நல்ல மேல்பலகைக்கு, மரத்தின் ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுக்க வேண்டும். அப்படி அறுத்தால் பலகை விறைப்பாக இருக்கும். ஈரப்பதம் மாறும்போது குறுக்காக விரிவதும் சுருங்குவதும் குறைவாக இருக்கும். இதையும் ஒலித்துளை விளிம்பிலேயே பார்க்கலாம். துளையின் மேற்புறமும் கீழ்ப்புறமும், அதாவது ரேகைகள் வெட்டுப்பட்டு முனை காட்டும் இடங்களில், ஒவ்வொரு கோடும் நேராகக் கீழே இறங்குகிறதா, அல்லது சாய்ந்து இறங்குகிறதா என்று கவனியுங்கள். நடு இணைப்பின் அருகே நேராக இருந்து ஓரங்களுக்குப் போகப் போகச் சற்றுச் சாய்வது இயல்பு. நடுவிலேயே நாற்பத்தைந்து டிகிரிக்குச் சாய்ந்திருந்தால் அது சிக்கனத்துக்காக அறுத்த பலகை.

இரண்டாவது அடையாளம், கிட்டார்க்காரர்கள் சில்க் என்று அழைக்கும் குறுக்கு மினுக்கம். மரத்தின் மையத்திலிருந்து பட்டையை நோக்கிக் கிடையாக ஓடும் கதிர்த் திசுக்கள், பலகை சரியாகச் செங்குத்தாக அறுபட்டால் மட்டுமே முகத்தில் வெளிப்படும். சாய்ந்த ஒளியில் கிட்டாரை மெல்ல அசைத்தால், நீளவாக்கில் ஓடும் ரேகைகளுக்குக் குறுக்காக, ஓரிரு சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய வெள்ளிக் கீற்றுகள் தோன்றி மறையும். படத்தில் இது அகப்படாது; நேரில் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. ஒட்டுப்பலகையின் மேல்தகட்டிலும் சில சமயம் சில்க் தெரியும் என்பதால், முழுப் பலகைச் சோதனைக்கு இது மாற்றாகாது. ஆனால் ரேகையை அச்சிட்ட மலிவான மேற்பரப்பில் இந்த அசைவு ஒருபோதும் வராது; அங்கே எந்தக் கோணத்தில் பார்த்தாலும் பலகை ஒரேமாதிரி இருக்கும்.

மூன்றாவதைப் பலரும் பார்ப்பதில்லை. என் கணிப்பில் இது மற்ற இரண்டுக்கும் குறைந்ததன்று. மேல்பலகை என்பது ஒரு கட்டையைப் புத்தகம் போல் விரித்து ஒட்டிய இரு பாதிகள். மரத்தின் நார் பலகையின் முகத்துக்கு இணையாக ஓடாமல், உள்ளே நுழைந்தோ வெளியே வந்தோ சாய்ந்து ஓடினால் அதை ரன் அவுட் என்பார்கள். மரம் முறுக்கிக்கொண்டு வளர்ந்திருந்தாலும், கட்டையைப் பிளக்காமல் வாளால் நேர்கோட்டில் அறுத்திருந்தாலும் இது நேரும். புத்தகம் போல் விரித்ததால் ஒரு பாதியில் நார் உங்களை நோக்கியும் மறு பாதியில் விலகியும் சாயும். அதனால் ஒரு பாதி வெளுத்தும் ஒரு பாதி கருத்தும் தெரியும். கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பினால் வெளுத்தது கறுக்கும், கருத்தது வெளுக்கும். இரட்டை நிறப் பட்டுச் சேலையை விளக்கின் முன் மடக்கித் திருப்பும்போது நிறம் இடம் மாறுவதைப் போன்றது இது. சிறிதளவு ரன் அவுட் இல்லாத பலகை அரிது, அதற்காகக் கருவியை ஒதுக்க வேண்டாம். நடு இணைப்பில் நிறங்கள் கோடு கிழித்தாற்போல் வெட்டிப் பிரியுமளவு இருந்தால், நீளவாக்கு விறைப்பு குறைந்திருக்கும். பிரிட்ஜ் இழுக்கும் இடத்தில் காலப்போக்கில் பலகை வளையவும் இடமுண்டு.

ரேகைகளின் நெருக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நெருக்கமான ரேகையே உயர்ந்தது என்ற எண்ணம் கடைகளில் வேரூன்றிவிட்டது. வெளிர்ப் பட்டை வசந்த காலத்து விரைவான வளர்ச்சி, கருங்கோடு கோடையின் இறுதியில் வந்த மெதுவான, அடர்ந்த வளர்ச்சி. குளிரிலும் நிழலிலும் மெதுவாக வளர்ந்த மரத்தில் இடைவெளி குறுகும், அவ்வளவுதான். அகன்ற ரேகையோடு உயர்தரமாக ஒலிக்கும் பலகைகள் ஏராளம். இடைவெளி நடுவிலிருந்து ஓரத்துக்குப் படிப்படியாக மாறுகிறதா, இடையில் திடீரென்று குழம்புகிறதா என்பதையே நான் பார்ப்பேன்.

இனத்தை அறிதல்

இப்போது இனத்துக்கு வருவோம். வார்னிஷ் போட்ட கிட்டாரைக் கண்ணால் மட்டும் பார்த்து இனத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. பெரும்பாலும் இதுவாக இருக்கும் என்ற அளவுக்குத்தான் போகலாம். ஆய்வுக்கூடத்தில் உருப்பெருக்கியின் கீழும் சில ஸ்புரூஸ் இனங்களைப் பிரிப்பது கடினம். எனவே கீழ்க்காணும் அடையாளங்களில் ஒன்றை மட்டும் நம்பாமல், நிறம், ரேகை, மினுக்கம், தயாரிப்பாளர் குறிப்பு ஆகியவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

நிறத்தைப் பார்க்க ஒலித்துளை வழியாக உட்புறத்துக்குப் போங்கள். வெளியே தெரியும் தேன் நிறம் மரத்தினுடையதா, வார்னிஷில் கலந்த சாயத்தினுடையதா என்று சொல்ல முடியாது. பழைய தோற்றம் வருவதற்காகச் சாயம் கலப்பது வெகு சாதாரணம். உட்புறத்தில் பெரும்பாலும் வார்னிஷும் இல்லை, சாயமும் இல்லை, வெயிலும் படவில்லை. பழைய கிட்டாரில் பிக்கார்ட் (பலகையைக் கீறலிலிருந்து காக்கும் தகடு) கழன்ற இடம் இருந்தால் அங்கேயும் மரம் தன் இளம் நிறத்திலேயே இருக்கும். சுற்றிலும் உள்ள பகுதி ஒளி பட்டுப் பழுத்திருக்கும். அந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தே கருவி எவ்வளவு காலம் வெளிச்சத்தில் இருந்தது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

நீங்கள் கையில் எடுக்கும் முழுப் பலகைக் கிட்டாரில் மிகுதியாக வரக்கூடியது சிட்கா. அலாஸ்காவிலிருந்து வடக்குக் கலிபோர்னியா வரை, பசிபிக் கடலோரத்தில் வளர்கிறது. ஸ்புரூஸ் இனங்களிலேயே மிகப் பெரியது இது; மரம் பருமனாக இருப்பதால் அகலமான, முடிச்சில்லாத, நேர் ரேகைப் பலகை தாராளமாகக் கிடைக்கிறது, அதனாலேயே இது உலகப் பொதுவழக்கானது. சாயமில்லாத சிட்காவில் மெல்லிய இளஞ்சிவப்பு அல்லது பழுப்புச் சாயல் இருக்கும். மற்ற ஸ்புரூஸ்களின் பக்கத்தில் வைத்தால் அந்தச் சாயல் எடுப்பாகத் தெரியும்; தனியாகப் பார்த்தால் தவறவிட்டுவிடலாம். ரேகைகள் சீராகவும் எடுப்பாகவும் இருக்கும், சில்க் மிகுதியாக வரும். ரேகைகளுக்குக் குறுக்காகக் கரடி நகத்தால் கீறினாற்போன்ற நெளிவுகள் சில பலகைகளில் உண்டு. அதைப் பழுது என்று எண்ணி விலை குறைத்துக் கேட்கிறவர்களும் உண்டு, அழகு என்று கூடுதல் கொடுக்கிறவர்களும் உண்டு. ஐரோப்பிய ஸ்புரூஸிலும் அந்த நெளிவு வருவதால் இனத்துக்கு அது முடிவான சான்றாகாது. சிட்காவின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 425 கிலோ. ஒலியில் எடுத்த எடுப்பிலேயே ஒரு தெளிவு இருக்கும். மெதுவாகவும் வாசிக்கலாம், பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) வைத்து ஓங்கியும் அடிக்கலாம்.

அடிராண்டாக் என்று விற்கப்படுவது சிவப்பு ஸ்புரூஸ். நியூயார்க் மாநிலத்து மலைத்தொடரின் பெயரைத் தாங்கினாலும், கனடாவின் கிழக்குப் பகுதியிலிருந்து தெற்கே வட கரோலினா மலைகள் வரை வளர்வது. இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான மார்ட்டினின் இரும்புத் தந்திக் கிட்டார்களுக்கு இதுவே மேல்பலகை. பெரிய மரங்கள் வெட்டித் தீர்ந்த நிலையில் 1940களின் நடுவிலிருந்து அந்நிறுவனம் சிட்காவுக்கு மாறியது. இன்றைய வழக்கமான டி-18, டி-28 மாதிரிகளுக்கும் சிட்காதான். இப்போது கிடைக்கும் சிவப்பு ஸ்புரூஸ் பெரும்பாலும் மறுபடியும் வளர்ந்த சிறு மரங்கள் என்பதால், ரேகை இடைவெளி அகலமாகவும் சீரற்றும், நிறம் பட்டை பட்டையாகவும் இருப்பது வழக்கம். பாலேட்டு வெண்மையின் நடுவே சிவந்த அல்லது பழுத்த கோடுகள் ஓடும். பார்வைக்குச் சிட்காவைவிடக் கரடுமுரடாகத் தெரிகிற இந்தப் பலகைக்கு விலை கூடுதல் என்பதைக் கேட்டுப் பலர் நம்புவதில்லை. அதன் சிறப்பு முழுவதும் கையில்தான் இருக்கிறது: எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஒலி சிதறாமல் மேலும் மேலும் எழும். மெதுவாக விரலால் வாசிக்கிறவருக்கு அது சற்று இறுக்கமாகத் தோன்றலாம். அவர் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஏங்கல்மன் ஸ்புரூஸ் ராக்கி மலைகளில் வளர்வது. ஏறத்தாழ 385 கிலோ அடர்த்தியோடு இந்தக் குழுவில் எடை குறைந்தது. நிறம் வெண்மை, ரேகைக் கோடுகள் மெலிந்தும் மங்கியும் இருக்கும். மரம் முறுக்கி வளரும் இயல்புள்ளதால் ரன் அவுட் சோதனையை இதில் இருமுறை செய்யுங்கள். மென்மையான விரல் வாசிப்புக்கு உடனே இணங்கும், ஓங்கி அடித்தால் விரைவில் திணறும்.

ஐரோப்பிய ஸ்புரூஸ் ஆல்ப்ஸ், கார்பாத்திய மலைகளிலிருந்து வருவது. வயலினுக்கும் கிளாசிக்கல் கிட்டாருக்கும் நூற்றாண்டுகளாகப் பயன்படுவது. ஜெர்மன், இத்தாலியன், கார்பாத்தியன் என்று எந்தப் பெயரில் விற்றாலும் இனம் ஒன்றே. எந்த மலையில் வளர்ந்தது என்று கண்ணால் சொல்ல வழியில்லை. வெண்மையில் லேசான மஞ்சள் கலந்திருக்கும். ஏங்கல்மனோடு எளிதில் குழம்பும். அந்த இரண்டுக்கும் நடுவே தயாரிப்பாளர் சொல்லை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. சிட்காவும் வெள்ளை ஸ்புரூஸும் இயற்கையாகக் கலந்த லூட்ஸ் என்ற கலப்பினமும் இப்போது சந்தையில் வருகிறது. தோற்றம் இரண்டுக்கும் இடைப்பட்டது.

இரண்டு குழப்பங்களைத் தவிர்க்க வேண்டும். முதலாவது, மேற்குச் சிவப்பு சிடார். அது ஸ்புரூஸே அன்று, வேறு குடும்பம். உட்புறத்திலும் செம்பழுப்பாக இருக்கும். ஒலித்துளையில் முகர்ந்தால் பென்சில் சீவிய வாசனை போலக் காரமாக வரும். பழுத்த சிட்காவைச் சிடார் என்றும், சிடாரைப் பழுத்த சிட்கா என்றும் பழைய கருவிச் சந்தையில் சொல்வார்கள். உட்புற நிறம் அந்த வழக்கைத் தீர்த்துவிடும். இரண்டாவது, வெப்பத்தில் பதப்படுத்திய ஸ்புரூஸ். காற்றை மட்டுப்படுத்திய அடுப்பில் மரத்தைச் சூடேற்றி, பழைய மரத்தின் தன்மையை விரைவில் வரவழைக்கும் முறை அது. அதில் நிறம் பலகையின் கனம் முழுவதும் பழுப்பேறியிருக்கும், உள்ளேயும் அப்படியே இருக்கும். ஆகவே பழுப்பு நிறம் கண்டவுடன் பழைய கருவி என்று விலை பேசாதீர்கள்.

பின்பலகையைப் பற்றி விற்பவர்கள் நீண்ட நேரம் பேசுவார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தோதகத்தி 1969 முதல் மார்ட்டின் கிட்டார்களின் பின்பலகையாக உலகம் சுற்றுகிறது என்பது பெருமைக்குரிய செய்தி. ஆனால் ஒரே பணத்தில் நல்ல மேல்பலகையா, நல்ல பின்பலகையா என்ற நிலை வந்தால் மேல்பலகைக்கே கொடுங்கள்.

காதால் ஒப்பிடுதல்

இரண்டு மரங்களை ஒப்பிடுகிறோம் என்று எண்ணிக்கொண்டு நாம் பெரும்பாலும் இரண்டு தந்திக் கட்டுகளை ஒப்பிடுகிறோம். ஒன்றில் புதுத் தந்தி, மற்றதில் துருவேறிய தந்தி இருந்தால் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான். ஆகவே உடல் வடிவம் ஒன்றாக இருக்கும் கிட்டார்களையே எடுங்கள். ஒரே வகை, ஒரே கனத் தந்திகளை இரண்டுக்கும் போட்டு, ஒரே சுருதியில் நிறுத்துங்கள். பெரிய டிரெட்நாட் உடலையும் சிறிய உடலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அறையையும் கவனிக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, சுண்ணாம்பு வழுவழுப்பாகத் தேய்த்த சுவர், உயர்ந்த கூரை ஆகியவை சேர்ந்த நம் பெரிய வீட்டுக் கூடங்களில் ஒலி மீண்டும் மீண்டும் மோதித் திரும்புவதால் எந்தக் கிட்டாரும் கம்பீரமாகத்தான் கேட்கும். ஒப்பிடுவதற்கு அந்த இடம் உதவாது. துணிகளும் மெத்தையும் உள்ள ஓர் அறையிலோ, திறந்த திண்ணையிலோ உட்காருங்கள். இரண்டு கருவிகளையும் அதே நாற்காலியில், அதே திசை நோக்கி வாசிக்க வேண்டும்.

வாசிப்பில் மூன்று நிலைகள் தேவை. முதலில் விரல் நுனியால், பக்கத்து அறைக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாக. அப்போதே பலகை பேசத் தொடங்குகிறதா, அல்லது இன்னும் தள்ள வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து உங்கள் வழக்கமான வேகத்தில், அன்றாடம் வாசிக்கும் ஒரு பகுதியை. கடைசியில் பிக் வைத்து ஒரே கோர்டைப் படிப்படியாக ஓங்கி அடித்துக்கொண்டே போங்கள். ஏதோ ஓர் இடத்தில், கை எவ்வளவு வலுவாக இறங்கினாலும் சத்தம் கூடாமல், தனித்தனித் தந்திகள் கலங்கி ஒரே இரைச்சலாகும். அந்த எல்லை எங்கே வருகிறது என்பதில்தான் ஏங்கல்மனுக்கும் அடிராண்டாக்குக்கும் உள்ள வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும். பிறகு நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லி, நீங்கள் முதுகு காட்டி உட்கார்ந்து, எது எந்தக் கிட்டார் என்று அறியாமல் கேளுங்கள். பெயர்ச்சீட்டைப் பார்த்துக் கேட்ட காது வேறு, பாராமல் கேட்ட காது வேறு. முதுகு காட்டிக் கேட்டபோதும் உங்களுக்கு எது பிடித்ததோ, அதற்குப் பணம் கொடுங்கள். ஒரே இனத்தின் இரண்டு பலகைகளுக்கு நடுவே உள்ள வேறுபாடு, இரண்டு இனங்களுக்கு நடுவே உள்ளதைவிடப் பெரிதாக இருப்பதை அப்போது பலமுறை காண்பீர்கள். அடர்த்தியும் விறைப்பும் மரத்துக்கு மரம், ஏன், ஒரே மரத்தின் பகுதிக்குப் பகுதி மாறும்.

விரல் கணுவால் மேல்பலகையைத் தட்டிப் பார்ப்பதும் வழக்கம். கட்டி முடித்த கிட்டாரில் அதற்கு வரம்புக்குட்பட்ட பயன்தான். தந்திகளைக் கையால் மூடிக்கொண்டு, பிரிட்ஜுக்குப் பின்புறம் மெதுவாகத் தட்டுங்கள். அடைத்த சத்தமாக உடனே அடங்குகிறதா, சற்று நின்று ஒலிக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். எங்காவது தளர்ந்த சலசலப்புக் கேட்டால், உள்ளே தாங்குசட்டம் ஒன்று ஒட்டு விட்டிருக்கலாம்.

நம் பருவநிலையில் பார்க்க வேண்டியவை

முழுப் பலகை ஈரத்தைக் குடிக்கும், உலர்ந்தால் சுருங்கும். கிட்டார் தயாரிப்பாளர்கள் கேட்பது 45 முதல் 55 சதவீத ஈரப்பதம். நம் வறண்ட கோடையும் ஐப்பசி, கார்த்திகை மழையும் அந்த எல்லைக்குள் நிற்பதில்லை. குளிரூட்டிய அறையில் எந்நேரமும் வைத்திருந்தால் உலர்ச்சி இன்னும் கூடும். வாங்குவதற்கு முன், ஒரு நேர் அளவுகோலை பிரிட்ஜுக்குப் பின்னால் பலகையின் குறுக்கே வையுங்கள். நடுவில் சற்று மேடாக இருப்பது இயல்பு. அளவுகோலின் நடுவில் இடைவெளி விழுந்து, பலகை குழிந்திருந்தால் உலர்ந்துபோன கருவி. அப்போது கழுத்தின் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளின் முனைகளும் ஓரத்தில் விரலில் குத்தும். பிரிட்ஜுக்குப் பின்னால் பானை வயிறாகப் புடைத்து, தந்தி உயர்ந்திருந்தால் ஈரம் ஏறிய கருவி, அல்லது ரன் அவுட் மிகுந்து இழுப்புக்குப் பணிந்த பலகை. எதனால் என்று முன்சொன்ன சோதனையால் தெரிந்துகொள்ளலாம். ரேகைக்கு இணையாக ஓடும் வெடிப்பு, குறிப்பாகப் பிக்கார்ட் ஓரத்திலும் நடு இணைப்பிலும் இருக்கிறதா என்று டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். அதே இடத்தை உள்ளேயும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். வெடிப்பு உள்ளேயும் தொடர்ந்தால் மரம் பிளந்திருக்கிறது. இல்லையென்றால் வார்னிஷ் மட்டும் விரிந்திருக்கிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தூண்களுக்கும் எனாமல் பாத்திரங்களுக்கும் நடுவே எப்போதாவது பழைய கிட்டார் ஒன்று கண்ணில் படலாம். அங்கே தந்தியே இல்லாத நிலையில்தான் பார்க்க வேண்டியிருக்கும். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, ஒலித்துளை விளிம்பு, நடு இணைப்பு, பிரிட்ஜின் பின்புறம் தூக்கியிருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்துவிட்டு விலை கேளுங்கள். பிரிட்ஜின் அடியில் ஒரு தாள் நுழைந்தால், அதை எடுத்து மறுபடி ஒட்டும் செலவைக் கழித்துக்கொண்டு பேச வேண்டும்.

இணையத்தில் வாங்குகிறவர்கள் விற்பவரிடம் நான்கு படங்களைக் கேளுங்கள்: பகல் வெளிச்சத்தில் மேல்பலகை முழுவதும், கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி வைத்து அதே வெளிச்சத்தில் மீண்டும் ஒன்று, ஒலித்துளை விளிம்பின் மிக அருகிலான படம், டார்ச் அடித்து எடுத்த உட்புறப் படம். முதல் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் ரன் அவுட் தெரிந்துவிடும்; மூன்றாவது முழுப் பலகையா என்பதைச் சொல்லும்; நான்காவது நிறத்தையும் வெடிப்பையும் காட்டும். இந்தப் படங்களை அனுப்பத் தயங்குகிறவரிடம், பெயர்ச்சீட்டில் எந்த மரத்தின் பெயர் எழுதியிருந்தாலும், முன்பணம் அனுப்ப வேண்டாம்.